ஐந்தாவது கோடு

ஒரு பழைய தபால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அறுபத்து மூன்று வயது மனுஷன் தேம்பினார் என்று போன வாரம் படித்தபோது உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். சிரித்தால் குற்றமில்லை. அவர் மனைவி ராஜியே சிரித்தாள். சிரித்துவிட்டு, "சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரமணன் அழுததற்குக் காரணம் இருந்தது. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற அந்த மனிதர், நாற்பது வருஷமாகப் பட்டாளத் தபால் சேர்க்கிறார். யுத்த காலத்தில் பர்மாவுக்கு வந்த சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பற்றி அவருக்குக் கவலை கிடையாது. உறையின் மேல் குத்திய முத்திரைதான் வேண்டும். பட்டாளத்தோடு கூடாரம் கூடாரமாக நகர்ந்த தபாலாபீஸ்களுக்கு ஊர்ப்பேர் இல்லை, வெறும் எண் மட்டும்தான். எந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் கிடந்தது என்று துப்புத் துலக்கியே அவருக்குத் தலை நரைத்தது. நரைத்தது போக மிச்சம் கொட்டியது.

அப்படி ஒரு கூடாரத் தபாலாபீஸ் நாற்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் பன்னிரண்டே நாள், வாய்க்காலுக்கும் பானைச் சூளைக்கும் பேர்போன த்வாண்டே ஊரில் இருந்தது என்பது ரமணனின் கட்சி. யாரும் நம்பவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் முத்திரை குத்திய ஓர் உறைகூட எவரிடமும் இல்லை. யங்கோன் லான்மடாவில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கும் மாஹிர், சனிக்கிழமை அப்படி ஓர் உறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் மனுஷன் அழாமல் என்ன செய்வார்?

மாஹிர் கேட்டது ஒன்றே ஒன்று. இது அசல்தான் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு. வெளிநாட்டில் வாங்கும் ஆள் காத்திருக்கிறார். பட்டாளத் தபால் விஷயத்தில் ரமணன் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் மறுபேச்சே கிடையாது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

தாமுவேயில் ரமணன் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் கரண்டு வரும் முறை. அதனால் ரமணன் உறையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். கீழேயிருந்து பத்திரிகை ஏற்றும் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மழை மூட்டத்தால் இரண்டு நாளாகப் பாட்டரி விளக்கில் பார்த்த உறையை முதல் தடவையாக நல்ல வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

தாள் சரி. எண் சரி. தேதி சரி. தணிக்கை அதிகாரியின் முத்திரை சரி. தபால்தலை இல்லை, அதுவும் சரி. களத்தில் இருக்கிற சிப்பாய்க்கு அது தேவையில்லை.

வட்ட முத்திரையின் இடது ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் உண்டு. ரமணன் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எண்ணினார். ஐந்துதான்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மேலே போக முடியாது.

தொண்ணூற்று நாலில், மாஹிரின் தகப்பனார் கமால் இருந்த காலத்தில், இதே எண் முத்திரை வேறு ஊரில் குத்திய ஓர் உறை கிடைத்தது. இடது ஓரம் கிழிந்த உறை. ரமணன் அதை மெல்லிய தாளில் படியெடுத்தார். கிழிந்த இடத்தில் எத்தனை கோடு இருக்கும் என்று தெரியவில்லை. ஐந்து இருக்கும் என்று அவராகவே போட்டு வைத்தார். ஒன்பது வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் ஹோட்டல் அறையில் பத்து நிமிஷம் காட்டிய முழு உறையில் நான்கே கோடுகள் இருந்தன. ரமணன் வீட்டுக்கு வந்து சட்டைப்பை நோட்டில் "நான்கு" என்று குறித்துக்கொண்டார். படத்தை மாற்றி வரையவேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. ஊரார் பிழையையெல்லாம் சிவப்பு மையால் திருத்திய மகானுபாவர், தன் பிழையை இருபது வருஷமாகத் திருத்தவில்லை.

ஆக, அந்த முத்திரைக்கு ஐந்து கோடு இருக்கும் ஒரே இடம் உலகத்திலேயே அவர் அலமாரித் தாள்தான். இந்த உறையைச் செய்தவர் அந்தத் தாளைப் பார்த்துச் செய்திருக்கிறார். அந்தத் தாளையெல்லாம் போனில் படம் பிடித்தது ஒரே ஓர் ஆள்தான்.

"பூர்ணா!" என்று கூப்பிட்டார்.

பூர்ணா அவர்களுடைய ஒரே மகள். இருபத்தொன்பது வயது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து காயவில்லை, கையில் அடுக்குக் கேரியர். என்ன வேண்டும் என்று பர்மீய மொழியில் கேட்டாள். அப்பாவிடம் இரண்டு வருஷமாக அவள் தமிழ் பேசுவதில்லை.

"இந்த ஓரத்துல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணு."

அவள் குனிந்தாள். "அஞ்சு."

"நாலுதான் இருக்கணும்."

"உங்க படத்துல அஞ்சுதானே இருக்கு?" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கேரியரைத் தரையில் வைத்தாள்.

"படம் தப்பு" என்றார் ரமணன். "அது தப்புன்னு சின்ன நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"நீ கேக்கல."

"நல்லா இருக்கு!" அதுவரை பர்மீய மொழியிலேயே பதில் சொன்ன பூர்ணாவுக்குத் தமிழ் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அது வரும், அவள் அம்மா மாதிரி. "என் தப்பை மட்டும் நாள் தவறாம சொல்லுவீங்க. ஒரு மழைக்காலம் பூரா உக்காந்து உங்க தாளை ஒவ்வொண்ணா படம் எடுத்தேன். ஓரம் கோணலு, நிழல் விழுது, மறுபடி எடுன்னு சொன்னீங்க. தாளு தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? போகட்டும். சாப்பிட்டியான்னு ஒருநாள் கேட்டிருப்பீங்களா?"

"நீதான் செஞ்சியா?"

"நான்தான் செஞ்சேன்."

"எப்படிடி?" அவர் அதைத்தான் கேட்டார். பெற்ற மகள் போலி செய்திருக்கிறாள், ஏன் என்று கேட்காமல் எப்படி என்று கேட்கிற தகப்பனை எங்கே போய்ச் சொல்ல!

"நான் எங்க வேலை பாக்கறேன்? சொல்லுங்க."

"போன் கடைல."

"போன் கடை மூடி எட்டு மாசம் ஆச்சு. லான்மடாவ்ல ரப்பர் ஸ்டாம்ப் செய்யற கடைல இருக்கேன். மிஷின்ல படத்தைக் குடுத்தா அப்படியே வெட்டித் தரும். தாளு உங்க பெட்டில இருந்து எடுத்தது, எழுதாத பட்டாள உறை ஒரு கட்டு வெச்சிருக்கீங்களே. கடைக்கு வர்ற த்வாண்டே பொண்ணு ஒண்ணுகிட்ட குடுத்து மாஹிர்கிட்ட அனுப்பினேன். செத்துப்போன சிப்பாய் எந்தத் தேதி எந்த ஊருல லெட்டர் போட்டான்னு உங்களுக்குத் தெரியும். உசுரோட இருக்கற நான் காலைல எழுந்து எங்க போறேன்னு தெரியாது."

ரமணன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம். தினமும் இந்தப் படியில் இறங்கித்தான் போயிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் பூர்ணாவுக்கு வேலை கிடைத்தது. ஏஜென்டுக்குக் கட்டப் பணமில்லை. ஒரே ஓர் உறையை விற்றுத் தாருங்கள் என்று கேட்டாள். அது சரித்திரம், சாமான் இல்லை என்று ரமணன் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. அதற்கப்புறம் ஊர் நிலைமை வேறு அவளைச் சும்மா விடவில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவை பாங்காக். வியாழக்கிழமை கிளம்பணும்" என்றாள். "இது வித்தாத்தான் டிக்கெட். ஒரு கையெழுத்து போடுங்க. அப்புறம் உங்களுக்கு என்னால ஒரு தொல்லையும் கிடையாது."

"பொய்யில என் பேரை எழுதச் சொல்றியா?"

"உங்க பேரு!" அவள் சிரித்த சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல மாசாமாசம் மார்க் அட்டைல அப்பா கையெழுத்து வேணும்பாங்க. நீங்க த்வாண்டேல யார் வீட்டுப் பரணையோ குடைஞ்சுகிட்டு இருப்பீங்க. அம்மாதான் உங்க பேரைப் போடுவாங்க. கடைசில ஒரு வாலை இழுத்து, பேருக்குக் கீழே கொண்டுவந்து, ரெண்டு புள்ளி வெப்பாங்க. நீங்க போடறதுல வாலும் கிடையாது, புள்ளியும் கிடையாது. பன்னெண்டு வருஷம் டீச்சருங்களுக்கு அப்பா கையெழுத்துன்னா அதுதான். ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

"எனக்குத் தெரியாதே" என்றார் ரமணன்.

"தெரியாதுன்னுதான் சொல்றேன்."

அடுப்படியில் ராஜி வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை சத்தம் போட்டும் ஒரு தாய் எட்டிப் பார்க்கவில்லை என்பது ரமணனுக்கு அப்போது உறைக்கவில்லை.

"இதுமாதிரி வேற எத்தனை செஞ்சிருக்கே?"

"இது ஒண்ணுதான். அம்மா மேல சத்தியம்."

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

"போட்டுக் குடுத்துருங்களேன்" என்று அங்கிருந்தே ராஜி சொன்னாள். "ஒரு கையெழுத்துதானே. காகிதத்துக்கு வலிக்கவா போவுது?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா, ராஜி?"

"எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு இன்னைக்குத்தான் கேக்கணும்னு இருந்துச்சாக்கும்" என்று பதில் வந்தது.

பூர்ணா கேரியரை எடுத்துக்கொண்டாள். வாசல் இரும்புக் கதவைத் திறந்தவள் நின்றாள்.

"உள்ளே இருக்கற லெட்டரையாவது படிச்சீங்களா?"

ரமணன் உறையைத் தடவினார். படித்தாரா என்றால், பார்த்தார். ஊர்ப்பேர் எழுதினால் தணிக்கையில் வெட்டிவிடுவார்கள் என்பதால் சிப்பாய்கள் சாடையாகத்தான் எழுதுவார்கள். வாய்க்கால், பானைச் சூளை என்று இரண்டு வார்த்தை கண்ணில் பட்டது. த்வாண்டேதான் என்று குதித்து, தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டார். பூர்ணா படியிறங்கிப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கிளம்பினார். தோள்பையில் உறையும் அந்தப் பழைய தாளும் இருந்தன. ராஜி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். போகிறேன் என்று சொல்லவில்லை, அவளும் எங்கே என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பர்மீயப் பெண் காய்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தாள். ரமணன் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பட்டாளக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார்.

"அப்பாவுக்கு. நான் இங்கு சுகம். இங்கே வாய்கால் ஓரத்தில் சூளைப் புகை நாள் முழுக்க இருக்கிறது, கண் எரிகிறது. மூன்று லெட்டர் எழுதினேன். பதில் இல்லை. உங்களுக்கு வேலை இருக்கும். நான் கிளம்பின அன்று நீங்கள் வீட்டில் இல்லை. இருந்து, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். வேறு ஒன்றும் வேண்டாம்."

கோயில் தமிழ் வகுப்பில் மூன்று வருஷம் படித்த பூர்ணாவின் எழுத்து. வாய்க்காலில் ஒரு புள்ளி எழுத்து விட்டுப் போயிருந்தது. ரமணனின் விரல் தானாகவே சட்டைப்பைப் பேனாவுக்குப் போயிற்று. வெட்கங்கெட்ட விரல்! அதைப் பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த எழுத்தை அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும். இறந்துபோன எந்தத் தபால்காரன் எந்த முத்திரையை எப்படிச் சாய்த்துக் குத்துவான் என்று சொல்லத் தெரிந்தவர். மகளின் நோட்டுப் புத்தகத்தை ஒருநாள் பிரித்துப் பார்த்திருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். பஸ் குலுக்கியதில் இரண்டு தடவை தாள் கைநழுவி விழுந்தது. பக்கத்துப் பெண் விழித்து எடுத்துக் கொடுத்தாள். "சேஸூ" என்று நன்றி சொன்னார். அவருக்கு அழுகை வரவில்லை. சனிக்கிழமை முத்திரைக்காக வந்த அழுகை இன்றைக்கு வரமாட்டேன் என்றது.

அசல் என்று எழுதினால் பூர்ணா வியாழக்கிழமை போய்விடுவாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாத தகப்பன் ஒரு பொய்யைச் சொல்லியாவது அனுப்பலாம். ஆனால் அப்புறம் அந்த ஐந்து கோடு உலகம் பூராவும் போகும். நாளைக்கு ஒருவன் நிஜமான நான்கு கோட்டு உறையைக் கண்டெடுத்தால் அதைப் போலி என்று சொல்வார்கள், ரமணன் கையெழுத்தைக் காட்டியே சொல்வார்கள். முடியாது. பொய் முத்திரைக்கு அவர் கை போகாது. மகளுக்காகக்கூடப் போகாது என்று தெரிந்தபோது தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. என்ன மனுஷன்!

லான்மடாவில் மாஹிரின் கடை ஒரு ஆள் நுழையும் அகலம்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கட்டம் போட்ட லோஞ்சிக் கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக அவன் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது. ரமணன் அவனைக் கமால் கடையில் கால்சட்டையோடு பார்த்தவர்.

"வாங்கண்ணே, வாங்க. பார்ட்டி காலைலேர்ந்து நாலு தடவை கேட்டாச்சு. சீட்டு கொண்டாந்தீங்களா?"

"சீட்டு இங்கேயே எழுதறேன் தம்பி. இது போலி."

மாஹிர் எழுந்து நின்றுவிட்டான். "என்னண்ணே விளையாடறீங்களா? சனிக்கிழமை நீங்கதானே அழுதீங்க?"

"அழுதேன். பாட்டரி வெளிச்சத்துல அழுதேன்."

அவர் சீட்டை வாங்கி எழுதினார். போலி. வட்டத்தின் இடது ஓரத்தில் நான்கு கோடு இருக்க வேண்டும், இதில் ஐந்து இருக்கிறது. கீழே கையெழுத்துப் போட்டார். வாலும் இல்லை, புள்ளியும் இல்லை. எழுதி முடித்ததும் பூர்ணாவின் பாங்காக் போயிற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

மாஹிர் சீட்டைப் படித்தான். முகம் சிவந்தது.

"வாப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடைக்கு ஒரு கெட்ட பேரு கிடையாது. த்வாண்டேலேர்ந்து ஒரு பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு, அப்பாவி மூஞ்சி, நானும் நம்பிட்டேன். சரி. இந்தச் சுத்துவட்டாரத்துல ரப்பர் ஸ்டாம்ப் கடை மொத்தம் நாலுதான். இப்பவே இதைக் கொண்டுபோய்க் காட்டிக் கேக்கறேன். எந்தக் கை வெட்டுச்சுன்னு தெரியட்டும், மிச்சத்தை ஸ்டேஷன்ல வெச்சுப் பேசிக்கறேன்."

உறையைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். பட்டாளம் ஆள்கிற இந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை பேரைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யங்கோனில் இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாலு கடை. நடந்தே போகலாம். பூர்ணா அதில் ஒன்றில் இந்நேரம் கேரியரைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"எங்கேயும் போக வேணாம் மாஹிர்" என்றார் ரமணன். "நான்தான் செஞ்சேன்."

மாஹிர் சிரித்தான். ரமணன் தோள்பையிலிருந்து பழைய தாளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்தார். தொண்ணூற்று நாலு என்று தேதி போட்டு, அவர் கையால் வரைந்த வட்டம். இடது ஓரத்தில் ஐந்து கோடு.

"இந்த முத்திரைக்கு அஞ்சு கோடு இருக்கறது இந்தத் தாள்ல மட்டும்தான். நான் போட்ட தப்பு. இதைப் பாத்துத்தான் வெட்டினது."

மாஹிர் தாளையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"ஏண்ணே?"

"த்வாண்டேல தபாலாபீஸ் இருந்துச்சுன்னு நான் சொன்னதை எவனும் நம்பல. நம்ப வெக்கணும்னு தோணுச்சு. கடைசில கையெழுத்து போட மனசு வரல."

மாஹிர் தலையை ஆட்டினான். நம்பிவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிவிட்டான். நாற்பது வருஷம் அவர் சொன்ன நிஜத்தையெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்டு வாங்கியவர்கள், முதல் பொய்யை இப்படி முழுசாக வாங்கிக்கொண்டார்களே என்று ரமணனுக்கு நெஞ்சு எரிந்தது. கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். வாப்பா காலத்துப் பழக்கத்துக்காகவாவது, நீங்களா இப்படி, இருக்காது என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

த்வாண்டேயும் போயிற்று. இனிமேல் நிஜமான உறை ஒன்று ஆயிரம் பேர் சாட்சியோடு கிடைத்தாலும், அது ரமணன் செய்ததாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. ராஜி. எடுக்கவில்லை.

"வாப்பா உங்களைப் பத்தி என்ன சொல்லுவாங்க தெரியுமா?" என்றான் மாஹிர். "பழஞ்சாமான் விக்கற முகைதீன் காக்கா கடைக்குப் போனாலும் சரி, வேற எங்க போனாலும் சரி, ரமணன் சீட்டு இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குடாம்பாங்க. நான் அப்படித்தான் வாங்கினேன்."

குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தான். கண்ணாடித் தாள் போட்ட மூன்று பட்டாள உறைகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

"போன மாசம் இன்னொரு கடைக்காரர்கிட்டேர்ந்து வாங்கினது. யாரோ கொரியர்ல அனுப்பினதாச் சொன்னாரு. மூணுலயும் உங்க சீட்டு இருந்துச்சு. அதனாலதான் நான் உங்களைக் கேக்கக்கூட இல்ல. பெரிய உருப்படியாச்சேன்னு இந்த நாலாவதுக்குத்தான் வீட்டுக்கு வந்தேன்."

ரமணன் அந்த உறைகளை வாழ்நாளில் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. முத்திரைகள் அவருடைய தாள்களிலிருந்து வந்தவை, அவர் கோடு அவருக்குத் தெரியாதா! இது ஒண்ணுதான் என்று பூர்ணா சத்தியம் செய்தாள். அம்மா மேல் செய்தாள்.

ஒவ்வோர் உறையோடும் ஒரு சீட்டு. அசல் என்று எழுதியிருந்தது. கீழே அவர் பேர்.

போன் இரண்டாம் தடவை அடித்து நின்றது.

"இதும் நீங்கதானாண்ணே?" மாஹிரின் குரலில் மரியாதை பாதி போயிருந்தது. "இது உங்க கையெழுத்துதானே?"

ரமணன் முதல் சீட்டைக் கையில் எடுத்தார். பேர் அழகாகத்தான் விழுந்திருந்தது. தயக்கமே இல்லாத கை. பேரின் கடைசியில் ஒரு வால் இறங்கி, பேருக்குக் கீழே திரும்பி வந்தது. அதற்கடியில் இரண்டு புள்ளி.

மற்ற இரண்டு சீட்டிலும் அப்படியே.

"ஆமா தம்பி" என்றார். "பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துலயே இதுதான் என் கையெழுத்து."

மாஹிருக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை. மூன்று உறைகளையும் ரமணனின் பக்கம் தள்ளினான்.

"இதுமாதிரி வெளியே இன்னும் எத்தனை இருக்கு?"

ரமணன் மூன்று சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சொல்ல எண் இல்லை. அவர் செய்ததாக ஒப்புக்கொண்ட காரியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஆள் தாமுவேயில், மூன்றாம் மாடியில், வெங்காயம் நறுக்கி முடித்திருப்பாள்.

போன் மூன்றாம் தடவையாக அடித்தது.